ஒருநாள் தொகை: சிவாஜி கணேசன் பிறந்தநாள் ஒளிபரப்பும் பெங்களூருத் தமிழரும்

முன்னுரை

திரைப்பட நடிகர் ஒருவரின் பிறந்தநாளிலோ நினைவுநாளிலோ அவர் நடித்த படங்களைக் காலை முதல் இரவு வரை அடுத்தடுத்து ஒளிபரப்புவது தமிழ்த் தொலைக்காட்சிகள் கைக்கொண்டு வரும் வழக்கமாகும். அவ்வகையில் சிவாஜி கணேசன் (1928 – 2001) பிறந்த நாளான அக்டோபர் 1, மறைந்த நாளான ஜூலை 21 ஆகிய இரண்டும் குறிப்பிடத்தக்கன. இவ்வொளிபரப்பைப் புகழஞ்சலி என்றோ பொழுதுபோக்கு என்றோ கொண்டு ஆய்வாளர் கடந்து போவதுண்டு. ஆயினும், ஒருவருடைய ஆக்கங்கள் பலவற்றுள் சிலவற்றைத் தெரிந்தெடுத்து, அவற்றை ஒரு வரிசையில் நிறுத்தி, ஒரே நாளில் நுகரத் தரும் செயல் தொகுத்தலே ஆகும். தொகுத்தோர், தொகுப்பித்தோர் என இருவரையும் நினைவிற்கொள்ளும் மரபு தமிழில் உண்டு. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் உக்கிரப்பெருவழுதி. தொலைக்காட்சித் தொகைக்கும் தொகுப்போர் உளர்; ஆனால் அவர்கள் தம் பெயரை இடுவதில்லை, தம் அளவுகோலைச் சொல்வதும் இல்லை.

ஒருநாள் ஒளிபரப்பைத் தொகையாகக் கொண்டு அதன் தெரிவு, வரிசை, இடையீடு ஆகியவற்றை மதிப்பிடுவதும், தமிழ்நாட்டிற்கு வெளியே பெங்களூருவில் வாழும் தமிழர்க்கு அத்தொகை எவ்வாறு பயன்படுகிறது, எங்கே பயன்படத் தவறுகிறது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். சிவாஜி கணேசனின் படங்கள் தமிழின் பல்வேறு பேச்சு நிலைகளின் களஞ்சியம் என்பதும், ஒளிபரப்புத் தொகை அவற்றுள் ஒரு நிலையையே பெரிதும் முன்னிறுத்துகிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்துகளாம்.

ஒருநாள் ஒளிபரப்பின் பின்புலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இலும் பெங்களூரு நிலையம் 1981இலும் ஒளிபரப்பைத் தொடங்கின. தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் திரைப்படம் வாரம் ஒரு முறை வரும் விருந்து. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர்த் தனியார் அலைவரிசைகள் பெருகின. திரைப்படத்திற்கெனவே இயங்கும் அலைவரிசைகளும் தோன்றின. நாள் முழுவதையும் படங்களால் நிரப்பும் தேவை எழுந்தபோது பழைய படங்கள் பெருமளவில் மீண்டும் வீட்டிற்குள் வந்தன. ஒரு நடிகரின் பெயரால் ஒரு நாளை நிரப்பும் வழக்கம் இந்தச் சூழலில் வேரூன்றியது.

இவ்வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1994இல் தொடங்கப்பெற்ற டர்னர் கிளாசிக் மூவீஸ் என்னும் அலைவரிசை, 2003 முதல் ஆகஸ்டு மாதத்தின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு நடிகருக்கு ஒதுக்கி வருகிறது. அங்கே படத்தின் நடுவே விளம்பரம் இடம்பெறுவதில்லை. படங்கள் பலவற்றிற்கு அறிமுகவுரையும் தரப்படுகிறது. இயக்குநர் யார், எந்தச் சூழலில் படம் எடுக்கப்பெற்றது என்பனவற்றை அறிந்தபின் காண்போர் படத்திற்குள் நுழைகின்றனர். தமிழ்த் தொலைக்காட்சியில் இவ்விரண்டும் அரிது. ஒரே வடிவம் ஓரிடத்தில் பாயிரமுடைய தொகையாகவும் மற்றோரிடத்தில் பாயிரமில்லாத் தொகையாகவும் அமைகிறது எனலாம்.

தெரிவு

முதலில் அளவைக் காணவேண்டும். கேபிள் தொலைக்காட்சி விதிகள் மணிக்கு 12 நிமிடம் என விளம்பரத்திற்கு வகுத்த உச்ச வரம்பைக் கொண்டு கணக்கிட்டால், 24 மணி நேரத்தில் படத்திற்குக் கிடைப்பது 19 மணி 12 நிமிடம். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அக்காலப் படங்கள் ஆறு இதனுள் அடங்கும். காலை ஆறு முதல் நள்ளிரவு வரை மட்டும் கொண்டால் நான்கு படங்கள் முழுமையாக அடங்கும். ஐந்தாவது படத்திற்கு நேரம் போதாது. சிவாஜி கணேசன் நடித்த படங்கள் 280க்கும் மேற்பட்டன. எனவே, ஒரு நாளில் காட்டத்தக்கவை நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டே. இத்துணைச் சிறிய தெரிவில் ஒரு படம் இடம்பெறுவதும் விடுபடுவதும் நடிகரைப் பற்றிய மதிப்பீட்டையே மாற்றவல்லன.

மீண்டும் மீண்டும் ஒளிபரப்பப்படுவனவற்றுள் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘பாசமலர்’ (1961), ‘கர்ணன்’ (1964), ‘திருவிளையாடல்’ (1965), ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) ஆகியவை முதன்மையானவை. இவை சிறந்த படங்களே. இவற்றை விலக்குக என்பது இங்குக் கருத்தன்று. ஆனால், ‘தில்லானா மோகனாம்பாள்’ நீங்கலாக இவை யாவும் உயர் உணர்ச்சியையோ உயர் வழக்குத் தமிழையோ மையமாகக் கொண்டவை. ஒரே நாளில் இவற்றை வரிசையாகக் காண்பவர்க்குச் சிவாஜி என்றால் முழங்குபவர், அழுபவர் என்னும் முடிபே எஞ்சும். அவர்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்படும் ‘மிகை நடிப்பு’ என்னும் குற்றச்சாட்டிற்கு, அவரைப் போற்ற எடுத்த நாளே சான்றாகி விடுகிறது.

இதற்கு மறுப்பாக நிற்கும் படங்கள் பல. எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) பாடல்களே இல்லாத படம். சிவாஜி ஏற்ற ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் படத்தின் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். பின்னர் வருவனவெல்லாம் அவரைப் பற்றிப் பிறர் சொல்லும் செய்திகள். நாட்டைக் காட்டிக் கொடுப்பவனை வெறுக்கத்தக்க ஓர் அறிவாளியாக, நகரத்துப் படித்தவரின் இயல்பான பேச்சில் அவர் நிறுத்துகிறார். பராசக்தியின் நீதிமன்ற உரையால் 1952இல் புகழ்பெற்ற நடிகர், இரண்டே ஆண்டுகளில் அவ்வுரைப் பாங்கிற்கு நேரெதிரான ஒன்றைச் செய்தார் என்பது வரலாற்றில் கருதத்தக்க செய்தி. ‘பராசக்தி’யும் ‘அந்த நாளு’ம் ஒரே நாளில் அடுத்தடுத்து வைக்கப்பட்டால் எந்த விமர்சகரின் விளக்கமும் இன்றியே அவரது வீச்சுப் புலப்படும்.

வரிசை

தொகையில் வரிசையும் பொருள் தரும். அகநானூற்றில் ஒற்றைப்படை எண்ணுடைய பாடல்கள் பாலை. இரண்டும் எட்டும் பெற்றன குறிஞ்சி. நான்கு பெற்றன முல்லை. ஆறு பெற்றன மருதம். பத்தும் அதன் மடங்குமாக வருவன நெய்தல். இவ்வொழுங்கினால் பிரிவின் துயரம் ஒன்று விட்டு ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் இடையிடையே புணர்தலும் இருத்தலும் ஊடலும் இரங்கலும் அமைந்து ஒரே உணர்வு சலிப்பாகாமல் காக்கின்றன. தொகுத்தவரின் திறன் இதுவே.

ஒருநாள் ஒளிபரப்பில் வரிசையை முடிவு செய்வன வேறு காரணங்கள். எந்த நேரத்தில் எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி திறந்திருக்கும், எப்படத்தின் ஒளிபரப்பு உரிமை எந்த அலைவரிசையிடம் உள்ளது என்பவை அவை. உரிமை பல இடங்களில் சிதறிக் கிடப்பதால் எந்த ஓர் அலைவரிசையும் நினைத்த வரிசையை அமைத்தல் எளிதன்று. எனினும், கையிலுள்ள படங்களுக்குள்ளேயே ஆண்டு வரிசையோ பொருள் வரிசையோ அமைக்க இயலும். ‘உத்தம புத்திரன்’ (1958) இரட்டை வேடப் படம். ‘நவராத்திரி’ (1964) ஒன்பது வேடப் படம். ‘தெய்வ மகன்’ (1969) மூன்று வேடப் படம். மூன்றையும் ஒருங்கு வைத்தால், உடை வேறுபாட்டால் வேடத்தைப் பிரிப்பதிலிருந்து நடை, தோள், குரல் ஆகியவற்றால் பிரிப்பதற்கு நடிகர் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்னும் வளர்ச்சி தெளிவாகும். இவ்வாறான வரிசை பொருட்செலவு வேண்டாதது. சிந்தனை மட்டுமே வேண்டுவது.

இடையீடும் சட்டகமும்

திரையரங்கிற்கென ஆக்கப்பெற்ற படத்திற்கு ஓர் இடைவேளையே உண்டு. தொலைக்காட்சியில் அது பல துண்டுகளாகிறது. இதனால் கெடுவது கதையன்று. கதை பெரும்பாலோர் அறிந்ததே. கெடுவது உணர்ச்சியின் ஏற்றம். நாடக மேடையில் பயின்ற சிவாஜி கணேசன், தாழ்ந்த குரலில் தொடங்கி, நிறுத்தங்களால் இறுக்கி, உச்சத்தைச் சிறிது சிறிதாக எட்டுபவர். ஏறிவரும் படிகளை விளம்பரம் விழுங்கிவிட்டால், காண்பவர்க்குக் கிடைப்பது உச்சம் மட்டுமே. படியில்லாத உச்சம் மிகையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நகைச்சுவை நிகழ்ச்சிகளில் அவரது வசனங்கள் துண்டு துண்டாகப் போலி செய்யப்படுவதும் இதே விளைவைத் தருகிறது.

மற்றொன்று சட்டகம் பற்றியது. 1950களின் படங்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்னும் அகல உயர விகிதத்தில் எடுக்கப்பெற்றவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரையும் அதே விகிதமுடையது. பதினாறுக்கு ஒன்பது என்னும் அகலத்திரைப் பெட்டிகள் பரவிய பின்னர், பக்கங்களில் எஞ்சும் கருப்புப் பட்டையைத் தவிர்க்கப் படத்தை இழுத்து விரிப்பதோ மேலும் கீழும் வெட்டுவதோ நிகழ்கிறது. விரித்தால் முகம் பருக்கிறது. வெட்டினால் நெற்றியும் கைகளும் மறைகின்றன. புருவத்தாலும் விரல்களாலும் பேசிய நடிகருக்கு இவ்விழப்பு சிறிதன்று. ‘கர்ணன்’ எண்ணிம முறையில் செப்பனிடப்பெற்று 2012 மார்ச்சில் திரையரங்குகளில் மீண்டும் வெளியாகி வரவேற்புப் பெற்றமை, பழைய படத்தை உரிய அக்கறையுடன் தந்தால் புதிய தலைமுறையும் காண முன்வரும் என்பதற்குச் சான்றாகும்.

பெங்களூருவில் கேட்கும் தமிழ்

1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைக் குடியிருப்பை ஒட்டிப் பெங்களூருவில் தமிழர் குடியேற்றம் பெருகியது. அல்சூர், சிவாஜி நகர், பிரேசர் டவுன், ஸ்ரீராமபுரம் முதலிய பகுதிகளில் தமிழர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். 1950இல் தோன்றிய பெங்களூரு தமிழ்ச் சங்கம் தமிழ்ப் பணியாற்றி வருகிறது. எனினும், பள்ளிகளில் தமிழ்வழிக் கல்வி சுருங்கியமையால், இளந்தலைமுறையினர் பலருக்குத் தமிழ் கேட்கும் மொழியாகவும் பேசும் மொழியாகவும் உள்ளதேயன்றிப் படிக்கும் மொழியாக இல்லை. அவர்கள் குறுந்தொகையைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் இறையனார் பெயரிலுள்ள அதன் இரண்டாம் பாடலைப் பற்றி எழுந்த வழக்கை ‘திருவிளையாடல்’ வழியாக அறிவார்கள். தருமியாக நாகேஷும் நக்கீரராக அப்படத்தின் இயக்குநர் ஏ. பி. நாகராஜனும் இறைவனாகச் சிவாஜியும் தோன்றும் அப்பகுதி, எழுத்தறியாதார்க்கும் சங்கப் பாடல் ஒன்றைக் கொண்டு சேர்த்தது. இங்குத் தொலைக்காட்சி செய்வது ஆசிரியர் பணி.

ஒலிப்பிலும் இது பொருந்தும். பழங்கன்னடத்தில் வழங்கிய ழகரம் பிற்காலக் கன்னடத்தில் மறைந்தது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் தமிழ்க் குழந்தைக்கு லகர ளகர ழகர வேறுபாட்டைத் தெளிவாகக் கேட்கும் வாய்ப்பு வீட்டிலும் குறைந்து வருகிறது. சிவாஜி கணேசனின் ஒலிப்பு அவ்வேறுபாட்டைப் பிழையறக் காப்பது. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய கட்டபொம்மன் வசனத்தையும் மு. கருணாநிதி எழுதிய ‘மனோகரா’ (1954) வசனத்தையும் பொருள் முழுதும் விளங்காமலேயே மனப்பாடமாக ஒப்பித்த தலைமுறைகள் உண்டு. பொருளுக்கு முன்னே ஓசையைக் கற்றல் தமிழ்க் கல்விக்குப் புறம்பானதன்று. திண்ணைப் பள்ளியின் முறையும் அதுவே.

ஆனால், இங்கேதான் தெரிவின் குறை பெரிதாகிறது. கட்டபொம்மனின் தமிழைக் கேட்டு வியக்கலாம். அதில் யாரும் பேச இயலாது. உயர் வழக்கை மட்டுமே கேட்கும் இளைஞர், தமிழ் என்பது மேடையில் முழங்குவதற்கு உரியது, அன்றாடத்திற்கு உரியதன்று என எண்ணக் கூடும். சிவாஜியின் படங்களிலேயே இதற்கு மாற்று நிறைந்துள்ளது. ‘மக்களைப் பெற்ற மகராசி’ (1957) அவர் கொங்கு வட்டார வழக்கில் பேசிய படமாக அறியப்படுவது. ‘பாகப்பிரிவினை’யில் (1959) உடற்குறையுடைய நாட்டுப்புறத்து இளைஞன் கண்ணையனாகவும், ‘படிக்காத மேதை’யில் (1960) எழுத்தறியாத ரங்கனாகவும் அவர் பேசுவது வேறு தமிழ். ‘வியட்நாம் வீடு’ (1970) ஓய்வுபெறும் அலுவலரான பத்மநாபனின் அந்தணர் இல்லப் பேச்சு. ‘தில்லானா மோகனாம்பாள்’ நாகசுரக் கலைஞரின் தமிழ். ‘முதல் மரியாதை’ (1985), ‘தேவர் மகன்’ (1992) ஆகியவற்றில் தென்தமிழ்நாட்டு ஊர்ப் பெரியவரின் அடங்கிய பேச்சு. வட்டாரமும் குடியும் தொழிலும் வயதும் மாற, ஒரே குரல் எத்தனை தமிழாக மாறுகிறது என்பதை இப்படங்கள் ஒருங்கே காட்டும். தமிழின் வழக்குகளை ஒரு நாளில் கேட்பிக்கத்தக்க தொகை வேறொரு நடிகரிடமிருந்து இத்துணை எளிதாகக் கிடைக்குமா என்பது ஐயமே.

கேட்கும் வாய்ப்பும் எப்போதும் உறுதியானதன்று. காவிரிச் சிக்கலை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூருத் தமிழர் தாக்கப்பட்டனர். 2016 செப்டம்பரில் சிக்கல் மீண்டும் முற்றியபோது கேபிள் வழி வந்த தமிழ் அலைவரிசைகள் நிறுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் வாழ்வார்க்குத் தொலைக்காட்சி பல வாயில்களுள் ஒன்று. பெங்களூருவில் எழுத்தறியாத் தமிழ் இளைஞர்க்கு அது முதன்மையான வாயில். ஆதலின், அவ்வாயில் திறந்திருக்கும் நாளில் வருவது எது என்னும் வினா இங்கே கூடுதல் எடை பெறுகிறது.

விடுபடும் கன்னடத் தொடர்பு

பெங்களூருவில் நின்று நோக்கும்போது மற்றொரு விடுபாடும் புலனாகும். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘கர்ணன்’ ஆகிய மூன்றையும் இயக்கிய பி. ஆர். பந்துலு கோலார்ப் பகுதியில் பிறந்தவர். 1961ஆம் ஆண்டிலேயே அவர் தமிழில் ‘கப்பலோட்டிய தமிழ’னையும் கன்னடத்தில் ‘கித்தூர் சென்னம்மா’வையும் எடுத்தார். ஆங்கிலேயரை எதிர்த்த வரலாறு இரு மொழிகளிலும் ஒரே கையால் திரையேறியது. அவரது கன்னடப் படமான ‘ஸ்கூல் மாஸ்டர்’ (1958) சிவாஜி கணேசன் சிறப்புத் தோற்றத்தில் நடித்தது. ‘கித்தூர் சென்னம்மா’வாக நடித்த பி. சரோஜாதேவி (1938 – 2025) பெங்களூருவில் பிறந்து பெங்களூருவிலேயே மறைந்தவர். ‘பாகப்பிரிவினை’, ‘பாலும் பழமும்’ (1961), ‘ஆலயமணி’ (1962), ‘புதிய பறவை’ (1964) முதலியவற்றில் சிவாஜியுடன் நடித்தவர். கன்னட மணம் கமழ்ந்த அவரது தமிழைத் தமிழர் குறையாகக் கொள்ளாது, ‘கன்னடத்துப் பைங்கிளி’ எனப் போற்றினர். ஒருநாள் ஒளிபரப்பில் இப்படங்கள் வருவதுண்டு; இத்தொடர்பு சொல்லப்படுவதில்லை.

இதே நகரத்தில் கன்னட நடிகர் ராஜ்குமாரின் பிறந்த நாளான ஏப்ரல் 24 கொண்டாடப்படுகிறது. இருவரும் நாடகக் குழுக்களில் பயின்றவர்கள். ராஜ்குமாரின் முதல் பெரும் படமான ‘பேடர கண்ணப்பா’ (1954), பெரியபுராணம் பாடும் கண்ணப்ப நாயனாரின் கதை. அவரது சொந்த ஊரான கஜனூர் இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. அவருக்கு 1995ஆம் ஆண்டிற்கும் சிவாஜிக்கு 1996ஆம் ஆண்டிற்கும் தாதாசாகேப் பால்கே விருது வழங்கப்பெற்றது. அவர் நடித்த ‘ஸ்ரீ கிருஷ்ணதேவராய’ (1970) பந்துலு இயக்கியதே. கோகாக் அறிக்கைக்கு ஆதரவாக 1982இல் நிகழ்ந்த போராட்டத்தை முன்னின்று நடத்தியமையால் ராஜ்குமாரின் பெயர் கன்னட மொழி உரிமையோடு பிணைந்தது. சிவாஜியின் குரல் பெங்களூருத் தமிழர்க்கு மொழி நினைவோடு பிணைந்துள்ளது. ஒரு நகரம் தன் இரு மொழிகளின் குரல்களையும் ஆண்டுக்கு ஒரு நாள் கேட்கிறது. ஒன்றைக் கேட்போர் மற்றொன்றைப் பெரும்பாலும் கேட்பதில்லை. 2009 ஆகஸ்டில் பெங்களூருவில் திருவள்ளுவர் சிலையும் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பெற்றன. சிலைகளால் தொடங்கிய பரிமாற்றத்தைத் திரைப்படத்தாலும் தொடர இயலும். அதற்கான பொருள் பந்துலுவின் படங்களில் ஏற்கெனவே உள்ளது.

முடிவுரை

ஒருநாள் ஒளிபரப்பு, தொகைக்குரிய எல்லாக் கூறுகளையும் உடையது. ஆனால் தொகுப்போரின் பொறுப்பை அது ஏற்கவில்லை. ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டுப் படங்களுக்கே இடமுள்ள நிலையில் உயர் உணர்ச்சிப் படங்களையே தெரிந்தெடுப்பதும், விளம்பரத்தால் உணர்ச்சியின் ஏற்றத்தைத் துண்டிப்பதும், சட்டகத்தைச் சிதைப்பதும் சேர்ந்து, சிவாஜி கணேசனை மிகை நடிப்பின் உருவமாக நிறுத்துகின்றன. இம்மதிப்பீட்டின் பெரும்பகுதி அவரது நடிப்பிலிருந்து பிறந்ததன்று. அவரைத் தரும் முறையிலிருந்து பிறந்தது.

பெங்களூருத் தமிழர்க்கு இக்குறை ஒரு மொழி இழப்பாகவும் ஆகிறது. பல தமிழைக் கேட்கத்தக்க நாளில் ஒரு தமிழையே அவர்கள் கேட்கின்றனர். அலைவரிசைகளின் வணிகக் காரணங்களை மாற்றுதல் ஆய்வாளரால் ஆகாது. ஆனால் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் தாமே இத்தகைய ஒரு நாளைத் தொகுத்தல் இயலும். உயர் வழக்கிற்கு ஒரு படம், கொங்கு வழக்கிற்கு ஒன்று, நகர வழக்கிற்கு ஒன்று, தென்பாண்டி வழக்கிற்கு ஒன்று, கன்னடத் தொடர்பிற்கு ஒன்று என ஐந்து படங்கள் போதும். ஒவ்வொன்றின் முன்னும் இயக்குநர், வசனகர்த்தா, ஆண்டு, வழக்கு ஆகியவற்றைக் கூறும் ஐந்து நிமிட அறிமுகம் வேண்டும். அன்று தொகுத்தவர் பெயரும் தொகையில் இடம்பெறல் வேண்டும். தெரிவிற்குக் காரணம் கேட்கும் உரிமை கேட்போர்க்கு அப்பெயரால்தான் கிடைக்கும்.